பர்கண்டியா, போர்தோவா: ஒயின் படிப்பை எங்கிருந்து தொடங்குவது?

பிரெஞ்சு ஒயினை முறையாகப் படிக்க முனைபவர்கள் பெரும்பாலும் போர்தோ, பர்கண்டி ஆகிய இரண்டு ஒயின் வட்டாரங்களில் ஒன்றையே முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பர்கண்டியிலிருந்து தொடங்கினேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன் என்பதால் இந்த அலசலில் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தட்பவெப்பத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. போர்தோவை அட்லாண்டிக் கடல் மிதப்படுத்துகிறது. உள்நாட்டிலுள்ள பர்கண்டிக்கு வசந்த கால உறைபனியும் ஆலங்கட்டி மழையும் ஓயாத கவலைகள்.

போர்தோவின் பெரும்பிரிவுகள் விரைவில் மனத்தில் பதியும். ஜிரோந்து கழிமுகத்தின் இடப்பக்கம் சரளை மண்ணும் கபர்னே சோவினியோன் திராட்சையும். தோர்தோன் ஆற்றின் வலப்பக்கம் களிமண், சுண்ணாம்புக்கல், மெர்லோ திராட்சை. ஆனால் மண் ஒயினை எவ்வாறு மாற்றுகிறது என்பதே படிப்பின் மையக் கேள்வியென்றால், போர்தோவில் விடை எளிதில் சிக்காது. அங்கே பல திராட்சை வகைகளைக் கலக்கிறார்கள், கலவை விகிதமும் ஆண்டுதோறும் மாறுகிறது. ஆகவே நாவில் உணரும் வேறுபாடு மண்ணால் வந்ததா, கலவையால் வந்ததா என்று தொடக்கநிலையில் பிரித்தறிவது கடினம். போதாக்குறைக்கு, 1855ஆம் ஆண்டின் போர்தோ ஒயின் தரவரிசை நிலத்துக்கு அன்றி ஷாத்தோவுக்கு, அதாவது ஒயின் தயாரிக்கும் பண்ணைக்கு, வழங்கப்பட்டது. அதே ஊர்ப்பெயருக்குரிய எல்லைக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் ஷாத்தோவின் தரம் மாறாது.

பர்கண்டியில் சிவப்புக்குப் பெரும்பாலும் பினோ நுவார் மட்டுமே, வெள்ளைக்கு ஷார்டொனே மட்டுமே. திராட்சை மாறாததால் இடத்தின் வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது. தீஜோனிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளும் கோட் தோர் சரிவில், கிழக்கு நோக்கிய நடுப்பகுதியில், நீர் நன்கு வடியும் மெல்லிய சுண்ணாம்பு மண்ணில் கிராண்ட் க்ரூ எனப்படும் உச்சத் தர நிலங்கள் அமைந்திருக்கின்றன. சரிவிறங்கி, களிமண் ஆழமாகும் அடிவாரத்துக்கு வந்தால் அதே திராட்சையின் ஒயின், தரத்தில் கீழான ஊர்ப்பெயரையோ வட்டாரப் பெயரையோ மட்டுமே பெறுகிறது. இரண்டுக்கும் இடையே பல இடங்களில் சில நூறு மீட்டர்தான். தரம் இங்கே நிலத்துக்கே உரியது. யார் வாங்கினாலும் விற்றாலும் அது நிலத்தோடு நிற்கும். இந்நிலப் பிரிவுகளைத்தான் 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ள க்லோ த வூஜோ என்னும் திராட்சைத் தோட்டம் முழுவதும் ஒரே கிராண்ட் க்ரூ. ஆனால் மேட்டு நிலமும் சாலையோரத் தாழ்நிலமும் ஒன்றல்ல, உரிமையாளர்களோ ஏறத்தாழ 80 பேர். ஆகவே ஒரே தயாரிப்பாளரின், ஒரே ஆண்டின் வட்டார ஒயினையும் ஊர் ஒயினையும் கிராண்ட் க்ரூவுக்கு அடுத்த தரமான பிரீமியே க்ரூவையும் அடுத்தடுத்துச் சுவைப்பதே நம்பத்தக்க வழி. செலவு கூடும், சாந்தனே போன்ற புகழ் குறைந்த ஊர்களைத் தேர்ந்தால் ஓரளவு தாங்கலாம். பல்லாண்டு முதிர்ந்த ஒயின்களில் என் அனுபவம் குறைவு. அவற்றை வைத்து எதையும் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன்.

இனிப்பு ஒயினே உங்கள் ஆர்வமென்றால் தயங்காமல் போர்தோவுக்குச் செல்லுங்கள். குளிர்ந்த சிரோன் ஆறு கரோன் ஆற்றில் கலக்குமிடத்தில் எழும் இலையுதிர்காலப் பனிமூட்டம் பொட்ரைடிஸ் பூஞ்சையை வளர்த்து, அங்குள்ள சோத்தேர்ன் பகுதித் திராட்சையின் சர்க்கரையைச் செறிவாக்குகிறது. இதற்கு ஈடான பாடம் பர்கண்டியில் இல்லை.