பூர்வீகம் தேடித் தருகிறோம் என்று 3,200 வெள்ளி வாங்கியவர்கள்: பினாங்கு மக்கள் கவனத்துக்கு

3,200 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். மலாயாத் தோட்டத்துக்கு வந்த தாத்தாவின் தமிழ்நாட்டு ஊரையும், அங்கேயே தங்கிவிட்ட அவருடைய தம்பி குடும்பத்தையும் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி வாங்கிய பணம். கையில் வந்தது, வேண்டுமென்றே பழுப்பாக்கிய ஒரு தாளின் படமும் நாலு பக்க அறிக்கையும். கேள்வி கேட்கத் தொடங்கியதும் இன்று புலனத்தில் (வாட்ஸ்அப்) எங்கள் எண்ணையே அடைத்துவிட்டார்கள். போலீஸ் புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் பெயர் போடவில்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு கடைமாடி அறை, முகநூலில் ஒரு பக்கம், பழைய கப்பல் படங்கள், "உங்கள் வேரைத் தேடித் தருகிறோம்" என்று ஒரு விளம்பரம். இந்த வகை ஆட்கள்தான்.

இவர்கள் நம்பிக்கையை வாங்குவது ஒரு படிவத்தை வைத்து. முதலில் காசு பேச்சே கிடையாது. தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர், வந்த வருஷம், ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியின் பெயர், இறங்கிய துறைமுகம், முதல் தோட்டம், கூட வந்தவர்கள் என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறவர் விஷயம் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று யாருக்கும் தோன்றும். "நம்ம ஜனங்கம்மா, உங்ககிட்ட லாபம் பாப்போமா? ஊர்ல ஆள் அலையற செலவுதான்" என்று அம்மாவிடம் சொல்லி 1,200 வெள்ளி வாங்கினார்கள். பிறகு "1937 கப்பல் பட்டியல்" என்று அந்தத் தாள் வந்தது. அதில் தாத்தா பெயர், கங்காணி பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் இருந்தன. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். மீதி 2,000 வெள்ளி அன்றே போனது.

அந்தத் தாளை நிதானமாகப் படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். படிவத்தில் நாங்கள் எழுதியதெல்லாம் அதில் சரியாக இருந்தது. அவர்களாகச் சேர்த்ததெல்லாம் தப்பு. ஊர் "நாமக்கல் மாவட்டம்" என்று போட்டிருந்தது. அந்த மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997-இல். 1937-இல் அது வெறும் தாலுகா. இறங்கிய இடம் "போர்ட் கிள்ளான்". அந்தத் துறைமுகம் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம். தாத்தா தங்கியிருந்த முகாம் "மண்டபம்" என்றிருந்தது. மண்டபம் முகாம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கானது. மலாயாவுக்கு ஆள் சேர்த்தவை ஆவடியும் நாகப்பட்டினமும். பெயருக்கு நடுவே, "மகன்" என்பதற்கு இன்று போடும் "அ/லெ" வேறு. வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலத் தாளில் மலாய்ச் சுருக்கம் எங்கிருந்து வரும்? அப்போது "எஸ்/ஓ" என்றுதான் எழுதுவார்கள். பெயரின் எழுத்துக்கூட அப்பாவின் ஐசியில் (அடையாள அட்டையில்) இருப்பது போலவே ஓர் எழுத்து பிசகாமல் இருந்தது. தோட்டத்துக் கிராணிமார் (எழுத்தர்கள்) காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. ஒரே ஆளின் பெயர் இரண்டு தாளில் ஒரே மாதிரி இருந்தாலே அதிசயம்.

கப்பல் "ரஜூலா" என்றிருந்தது. 1926-இல் கட்டிய கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக ஓடியது, அது பொருந்தும். ஆனால் ரஜூலாவின் பெயரைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி வேண்டாம், இங்கே எந்தத் தாத்தா பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவர்கள் கேட்காமல் விட்டவைதான் இன்னும் பெரிய அடையாளம். தாலுகா கேட்கவில்லை, தபால் ஆபீஸ் கேட்கவில்லை, குலதெய்வம் கேட்கவில்லை. புதுப்பட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள். பழைய கடிதத்திலோ மணியார்டர் துண்டிலோ இருக்கும் தபால் ஆபீஸ் பெயர்தான் அதில் ஒன்றைப் பிரித்துக் காட்டும். குலதெய்வமும் திருவிழா மாதமும் தெரிந்தால் பங்காளி வகையறா வரை போய்விடலாம். "தம்பி மகன்" என்று அறிக்கையில் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். பேசினோம். குலதெய்வம் எது என்று கேட்டதும், "அதெல்லாம் பெரியவங்களுக்குத்தான் தெரியும்" என்று வைத்துவிட்டார். கிராமத்தில் இருக்கும் பங்காளிக்குக் குலதெய்வம் தெரியாதாம்!

அதற்குப் பிறகு சாக்குப்போக்குதான். "ஊர்ல மழைங்க." "வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) லீவுல இருக்காரு." "தேடித் தர்றோம்னுதான் சொன்னோம், கிடைக்கும்னு சொல்லலையே." கடைசியாக, "இன்னும் 800 குடுத்தா சயாம் ரயில் லிஸ்ட்லயும் பாக்கறோம்." 3,200 வெள்ளி போதவில்லை போல! சயாம் ரயில் என்பது ஜப்பானியர் காலத்துச் சயாம்–பர்மா ரயில் பாதை. 1942–43-இல் அந்த 415 கிலோமீட்டர் பாதை போடப் போய் மாண்ட நம் தோட்டத்து ஆட்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் எங்கேயும் கிடையாது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் நேச நாட்டுப் போர்க்கைதிகளுடையவை. அந்தப் பட்டியல் தன்னிடம் இருக்கிறது என்பவன் பொய்யன்.

ஒழுங்கான வழியை விரிவாக எழுத இருந்தேன், இப்போது அதற்கு மனமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வீட்டுப் பெட்டியைக் கிளறுங்கள்: பழைய பாஸ்போர்ட், குடியுரிமைப் பத்திரம், ஊர்க் கடிதம். ஜேபிஎன்னில் (தேசியப் பதிவுத் துறையில்) இறப்புப் பதிவின் நகல் எடுக்கலாம், ஆனால் பிறந்த இடம் "இந்தியா" என்று மட்டும் இருந்தால் மனம் தளராதீர்கள். ஊர் உறுதியானால் அந்தக் கிராமத்து வாக்காளர் பட்டியல் தமிழகத் தேர்தல் துறைத் தளத்திலேயே இலவசம். பிறகு வி.ஏ.ஓ.வுக்கும் கோயில் பூசாரிக்கும் கடிதம் போடுங்கள். நிலம், பட்டா என்று அதில் ஒரு வார்த்தை வரக்கூடாது. பங்கு கேட்டு வருகிறார்கள் என்று நினைத்தால் சொந்தக்காரர்களே வாய் திறக்க மாட்டார்கள்.

1938 ஜூனில் இந்திய அரசு மலாயாத் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிந்தைய தேதியில் கங்காணிப் பட்டியல் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மூலம் எந்த ஆவணக் காப்பகம், எந்தக் கோப்பு எண் என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் ஒரு காசு தராதீர்கள். பணம் கட்டுமுன் அவர்களுடைய வங்கிக் கணக்கு எண்மீது மோசடிப் புகார் இருக்கிறதா என்று போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். கம்பெனி என்று சொல்லிவிட்டுத் தனி ஆள் கணக்கைக் கொடுத்தால் வேண்டாம். இப்போதுதான் பணம் போனது என்றால் உடனே மோசடிப் புகார் எண் 997-ஐ அழையுங்கள். வியாபாரமாகப் பதிந்தவர்கள் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம், கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். எங்கள் 3,200-க்கு அங்கேதான் போகிறோம். இதே ஆட்களிடம் கட்டியவர்கள் ரசீதையும் புலன உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.