லாங்மன் அகராதி எப்படி? 'ரன்' என்ற ஒரே வினையை வைத்து ஒரு மதிப்புரை

எந்த ஆங்கில அகராதி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வாயில் நுழையாத பெரிய சொல்லைத் தேடிப் பார்த்து அகராதியை எடை போடாதீர்கள். அந்த மாதிரிச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும், அதை எந்த அகராதியும் தந்துவிடும். 'ரன்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள், அங்கேதான் அகராதியின் சாயம் வெளுக்கும்.

ரன் என்றால் ஓடு, இது ஒன்றாம் வகுப்புப் பாடம். ஆனால் 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் 'செட்' என்ற வினைக்குத்தான் மிக நீண்ட பதிவு, 430 பொருள்கள். பிறகு நடந்த திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள்கள், பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் ஒன்பது மாதம் உட்கார்ந்து பிரித்து எழுதியது. அது ஆய்வாளர்களுக்கு. நமக்கு வேண்டியது அன்றாடம் கண்ணில் படுகிற முப்பது நாற்பது பொருள்களைக் குழப்பாமல் காட்டுகிற ஓர் அகராதி. அதற்கு என் கையிருப்பு, லாங்மன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலீஷ். 1978-இல் முதல் பதிப்பு, 2014-இல் ஆறாவது.

இதில் 'ரன்' பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது, ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் இருக்கும் சின்னத் தலைப்பு. பந்தயம், பேருந்து ரயில், கணினி, இயந்திரம், தேர்தல் என்று வழிகாட்டிப் பலகை மாதிரி நிற்கும். 'ஷி ரன்ஸ் எ ஷாப்' என்று படித்துவிட்டு வருகிற மாணவர் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியதில்லை, தொழில், நிர்வாகம் பற்றிய தலைப்புக்கு நேராகப் போனால் கடை நடத்துகிறார் என்பது கிடைத்துவிடும். விளக்கங்களை எல்லாம் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியிருக்கிறார்கள், அதனால் ஒரு சொல்லின் பொருளைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லைத் தேடி அலைகிற தொல்லை இல்லை.

நம் வீடுகளில் இருக்கும் சிறிய ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் இதுதான் குறை. ஓடு, நடத்து, இயக்கு, ஒழுகு என்று காற்புள்ளி போட்டு அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள், எது எங்கே என்று சொல்ல மாட்டார்கள். மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது, துணியின் நிறம் 'ரன்' ஆனால் சாயம் போகிறது, நாடகம் இரண்டு வருடம் 'ரன்' ஆனால் நம் ஊரில் படம் ஓடுவது போலவே ஓடுகிறது. தேர்தல் இன்னும் சுவாரசியம். அமெரிக்கர்கள் தேர்தலில் 'ரன்' பண்ணுவார்கள், பிரிட்டிஷ்காரர்கள் 'ஸ்டாண்ட்' பண்ணுவார்கள், நாமும் நிற்கத்தான் செய்கிறோம். வினையோடு எந்தப் பெயர்ச்சொல் சேர்கிறது என்று தெரியாமல் மொழிபெயர்த்தால் நிற்கிற வேட்பாளரை ஓட விட்டுவிடுவோம்! லாங்மன் ஒவ்வொரு பொருளுக்கும் முழு வாக்கியமாக எடுத்துக்காட்டு தருவதால் அந்தச் சேர்க்கை பழகப் பழகத் தானாக மனதில் ஏறுகிறது. செயப்படுபொருள் வேண்டுமா வேண்டாமா என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை, தயவுசெய்து கவனியுங்கள்.

அப்புறம் 'ரன் அவுட்', 'ரன் இன்டு', 'ரன் ஓவர்' வகையறா. பால் தீர்ந்துபோவதும் பழைய நண்பர் வழியில் எதிர்ப்படுவதும் வண்டி ஏறிவிடுவதும் இந்தக் கூட்டத்தில்தான் வரும். இவற்றைப் பதிவின் கடைசியில் தனியாக வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர் மேலேயே தேடிவிட்டு இல்லை என்று மூடிவிட வாய்ப்பு உண்டு, கடைசி வரை போக வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு சரியாகவே படுகிறது, ஏனென்றால் இவற்றைத் தனிச்சொல்லாகத்தான் படிக்க வேண்டும்.

இதே பதிவு லாங்மன் வலைத்தளத்தில் இலவசம். எடுத்துக்காட்டு வாக்கியங்களையே ஒலியாகக் கேட்கலாம், சொல்லின் உச்சரிப்பு பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று இரண்டும் உண்டு. பேச்சில் எவ்வளவு புழங்குகிறது, எழுத்தில் எவ்வளவு என்று எஸ்1, டபிள்யூ1 என்ற குறிகளும் இருக்கும். எஸ்1 என்றால் பேச்சில் அதிகம் புழங்கும் முதல் ஆயிரம் சொற்களில் ஒன்று, டபிள்யூ1 என்றால் எழுத்தில் அப்படி, 'ரன்' இரண்டிலும் வருகிறது.

தமிழ் விளக்கம் இதில் கிடையாது. ஆங்கில எழுத்தே இப்போதுதான் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இது வேண்டாம். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் வலைத்தளமே போதும். மொழிபெயர்ப்பவர்களும் ஆங்கிலம் கற்பிப்பவர்களும் அச்சுப் பிரதியை வாங்குங்கள். 'ரன்' முழுவதையும் விரித்து வைத்து ஒரே பார்வையில் பார்க்கத் திரையில் வழியில்லை. பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பு கிடைத்தாலும் தயங்காமல் எடுக்கலாம், இந்த மாதிரி வினைகளின் பொருள் பத்து வருடத்தில் பெரிதாக மாறிவிடாது.