ஊரோட புதுமைய அளக்க டிசைன் பேடன்ட்டா, யூட்டிலிட்டி பேடன்ட்டா?

அமெரிக்காவுல ஒரு ஊர் எவ்ளோ புதுசா யோசிக்குதுனு பாக்க பெரும்பாலும் யூட்டிலிட்டி பேடன்ட் எண்ணிக்கையத்தான் எடுக்குறாங்க, அது பொருள் எப்படி வேலை செய்யுதுங்கறதுக்கு குடுக்கறது, அதனால சிலிக்கான் வேலி மாதிரி சிப், சாஃப்ட்வேர் ஊருங்கதான் மேல நிக்கும். ஆனா ஒரேகான்ல பீவர்ட்டன் பக்கம் நைக்கி இருக்கு, மிச்சிகன்ல கிராண்ட் ராபிட்ஸ சுத்தி ஸ்டீல்கேஸ், ஹெர்மன் மில்லர்னு ஃபர்னிச்சர் கம்பெனிங்க, அங்கல்லாம் தோற்றத்துக்குனு மண்டைய உடைக்கறதே பாதி வேலை, அது தோற்றத்துக்குன்னே குடுக்கற டிசைன் பேடன்ட்லதான் தெரியும்.

அதுக்காக அந்த எண்ணிக்கைய அப்படியே நம்பிடக் கூடாதுங்க. டிசைன் பேடன்ட்ல ஒரே ஒரு க்ளெய்ம்தான் (இதுக்கு உரிமை எனக்குன்னு கேக்கற பகுதி), அதனால ஒரே ஷூவுக்கு அடிப்பாகம் தனி, மேல்பாகம் தனினு வாங்கலாம், எண்ணிக்கை சும்மா எகிறும். யூட்டிலிட்டி பேடன்ட் காலாவதி ஆகாம இருக்க 3.5, 7.5, 11.5 வருஷத்துல கட்டணம் கட்டணும், கட்டாம விட்டாங்கன்னா அது பெருசா பிரயோஜனப்படலன்னு ஓரளவு புரிஞ்சுடும். டிசைன் பேடன்ட் செல்லுபடியாகற 15 வருஷமும் அப்படி எதுவும் கட்ட வேண்டாம், அதனால உதவாதத இப்படி வடிகட்ட முடியாது.

ரெண்டுக்கும் பொதுவான ஓட்டை, பேடன்ட்ல கண்டுபிடிச்சவங்க பட்டியல்ல முதல் பேரா இருக்கறவர் எங்க குடியிருக்காரோ அந்த ஊருக்கே மொத்தக் கணக்கும் போயிடறது.

என்னைக் கேட்டா ஷூ, ஃபர்னிச்சர் ஊருக்கு டிசைன் பக்கம்தான் போவேன், ஆனா பேடன்ட்ட எண்ணாம அதுல எத்தனை தனித்தனி டிசைனருங்க இருக்காங்கன்னு எண்ணுவேன்.