மாதிரி பீமுக்கு மணல் வாங்க ஹட்டனில் ஒரு கடை

பாலத்து பீமை, அதாவது பாரம் தாங்கும் உத்திரத்தை, பத்தில் ஒரு பங்கு அளவில் கொங்கிறீட்டில் வார்த்து உடைத்துப் பார்ப்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். நிஜ வேலையில் போடுகிற 20 மில்லிமீற்றர் சல்லி இதில் 2 மில்லிமீற்றராகிவிடும், அதாவது மணல்தான் சல்லி. அதனால் மணல் சரியில்லை என்றால் ஒன்றும் சரியில்லை.

முதல் தடவை வேறு ஒரு கடையில் வாங்கினேன். போத்தலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால் மேலே விரல் கனத்துக்குச் சேறு படிந்தது, மணலும் நல்ல ஈரம். அந்த நான்கு பீமும் வீண்.

அப்புறம்தான் டிக்கோயா ரோட்டில் இருக்கிற இந்தச் சின்ன ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். மணலைத் தகரத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் மழைக்கும் பனிக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டால்தான் புரியும்: நான் எடுத்தது 2 கிலோ சீமெந்து, 6 கிலோ மணல், 1.2 லீற்றர் தண்ணீர். மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தாலே 300 மில்லிலீற்றர் கூடுதலாக உள்ளே போய், 0.6 ஆக இருக்க வேண்டிய தண்ணீர்-சீமெந்து விகிதம் 0.75 ஆகிவிடும், பலம் போய்விடும். நான் 500 கிராம் மணலை அம்மாவின் தாச்சியில் வறுத்து மறுபடி நிறுத்தேன், 495. முதல் கடை மணல் 476தான் இருந்தது.

முதலாளி அண்ணன் பொறுமைசாலி. "தம்பி, எவ்வளவு வேணுமோ அவ்வளவு அரிச்சுக்கங்க" என்று பின்பக்கம் இடம் கொடுத்தார், நான் கொண்டுபோன 2.36 மில்லிமீற்றர் அரிதட்டில் ஒரு மணி நேரம் அரித்தேன். சீமெந்தும் கிலோ கணக்கில் தந்தார், 50 கிலோ மூட்டை வாங்கி மீதியைக் கட்டியாக்க வேண்டியதில்லை. ஆனால் "தண்ணி கூட விடுங்க, லேசா இறங்கும்" என்று அவர் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். நுண்மணலுக்குப் பரப்பு அதிகம், கலவை இறுக்கமாகத்தான் தெரியும், அச்சைத் தட்டித் தட்டி இறக்க வேண்டும்.

குறை என்றால் தராசு. 50 கிராமுக்குக் கீழே காட்டாது, வீட்டில் மறுபடி நிறுங்கள். கம்பிக்கு 1 மில்லிமீற்றர் கட்டுக்கம்பிதான் இருக்கிறது, நிஜ பீமில் போடுகிற 10 மில்லிமீற்றர் கம்பிக்குப் பத்தில் ஒரு பங்கு, அளவு சரி, ஆனால் வழுவழுப்பு, கொங்கிறீட்டைப் பிடிக்காமல் வழுக்கும். அதைச் சொன்னதும் கடை வைஸில் மாட்டி அரத்தால் கீறிக்கொள்ள விட்டார், காசு கேட்கவில்லை.