ஏஎஸ்க்யூ படிவம்: சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளிடம் எந்த அளவுக்கு எடுபடுகிறது?

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் உருவாக்கிய ஏஎஸ்க்யூ (ASQ) என்ற கேள்விப் படிவம் இலவசமாகவே கிடைக்கிறது. தற்கொலை எண்ணம் உண்டா என்று அறிய நான்கு கேள்விகள். எதற்காவது ‘ஆம்’ வந்தால் ஐந்தாவது: ‘இப்போதே அந்த எண்ணம் இருக்கிறதா?’ நேராகக் கேட்பதுதான் இதன் பலம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்த படிவம் அல்ல. குமரி மாவட்டச் சிறப்புப் பள்ளிகளில் அப்படியே வாசித்தால் சறுக்கும்.

‘கடந்த சில வாரங்களில்’ என்பது பலருக்குப் பிடிபடாது. ‘மக்களே, மண்டைக்காட்டுக் கொடைக்குப் போனோம்லா, அதுக்குப் பிறகா?’ என்று கோயில் திருவிழா போல நடந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள்.

எதைக் கேட்டாலும் ‘ஆமா’ சொல்லும் பழக்கமும் உண்டு. முதலில் ‘இன்னைக்கு யானை மேல ஏறியா ஸ்கூலுக்கு வந்த?’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் ‘ஆமா’ என்றால் படஅட்டை காட்டி, சொல்லை மாற்றி மறுபடி கேட்க வேண்டும். அதற்காக ஒரு ‘ஆமா’வைக்கூட நீங்களாகத் தள்ளிவிடக் கூடாது, அதை எடைபோடுவது மனநல மருத்துவரின் வேலை.

இரண்டாவது கேள்விதான் ரொம்பக் கஷ்டம்: நீ இறந்துவிட்டால் உனக்கோ வீட்டாருக்கோ நல்லது என்று தோன்றியதா? இந்தப் பிள்ளைகளில் சிலர் இதே பேச்சைப் பெரியவர்கள் வாயாலேயே கேட்டு வளர்ந்தவர்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லலாம், அல்லது உள்ளே நம்பியும் இருக்கலாம். ‘அப்படி யாரு சொன்னா? உனக்கும் அப்படித் தோணுதா?’ என்று தனித்தனியாகக் கேட்டு, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள்.

பதில் சொல்ல மறுத்தாலும் ‘ஆம்’ கணக்குதான் என்கிறது படிவம். சரியான விதி. ஆனால் புரியாத மௌனம் வேறு, மறைக்கும் மௌனம் வேறு. எளிதாக்கி இன்னொருமுறை கேட்டும் பதில் இல்லையென்றால் அந்த விதியையே பின்பற்றுங்கள்.

பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும். துணை வேண்டுமென்றால் பிள்ளை நம்பும் டீச்சர் இருக்கட்டும். பேச்சே இல்லாத பிள்ளைகளுக்கு இந்தப் படிவம் உதவாது. சாப்பாடு, தூக்கம், தன்னைத்தானே அடித்துக்கொள்வது ஆகியவற்றில் வரும் புதிய மாற்றங்களைத் தனியாகக் குறித்து வர வேண்டும். ‘அவன் குணமே அப்படித்தான்’ என்று குறைபாட்டின் தலையில் போடும்போதுதான் மன அழுத்தம் கண்ணில் படாமல் போகிறது.

ஐந்தாவதுக்கு ‘ஆம்’ என்றால் தனியே விடாமல், உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘இல்லை’ என்றாலும், முன்பு வந்த ‘ஆமா’வுக்காக வீட்டுக்கு அனுப்பும் முன் பயிற்சி பெற்றவர் பேசியாக வேண்டும். வீட்டில் மாத்திரை, பூச்சிமருந்து, ரப்பர் ஷீட்டுக்கான ஆசிட் எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். எந்த நேரமும் தமிழில் பேச, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416.