போர்டு சூடு பார்க்க ஐஆர் தெர்மாமீட்டர் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சேலத்தில் எலக்ட்ரானிக் போர்டு சர்வீஸ் செய்யும் நண்பர்களுக்காக எழுதுகிறேன். டவுனில் ஒரு கடையில் பொய் சொல்லி எனக்கு ஒரு ஐஆர் தெர்மாமீட்டரை (தொடாமலே அகச்சிவப்புக் கதிரை வைத்துச் சூட்டை அளக்கும் கருவி) விற்றுவிட்டார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் மோட்டார் டிரைவ்களில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகள்) எந்தப் பாகம் சூடாகிறது என்று பார்க்க வேண்டும், எமிசிவிட்டி (ஒரு பரப்பு தன் சூட்டை எந்த அளவுக்குக் கதிராக வெளியே விடும் என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்) மாற்றும் வசதி வேண்டும், தூர விகிதம் (தூரத்துக்கும் அங்கே அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) 50:1 வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். பெட்டியின் மேல் இரண்டும் போட்டிருந்தது. கடைக்காரர் சுவரில், மர மேசையில், தன் உள்ளங்கையில் எல்லாம் பிடித்துக் காட்டினார். சரியாகத்தான் காட்டியது. அந்தப் பரப்புகளின் எமிசிவிட்டி எல்லாமே 0.9-ஐ ஒட்டி இருப்பதால், எந்த மட்டமான கருவியும் அங்கே சரியாகவே காட்டும்.

பட்டறைக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த டிரைவின் அலுமினிய ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) பிடித்தால் 41 டிகிரி. அதே இடத்தில் ஒட்டியிருந்த தெர்மோகப்பிள் (தொட்டுச் சூட்டை அளக்கும் கம்பி சென்சார்) 84 காட்டியது. இந்த 41-ஐ நம்பி டிரைவைத் திருப்பி அனுப்பினால், சீசன் நேரத்தில் ஆலை நின்று அரைத்த மாவுப்பால் புளித்துப் போகும். அந்த நஷ்டத்தை யார் தருவது?

பளபளக்கும் உலோகம் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக மிகக் குறைவாகத்தான் வெளியே விடும். பெரும்பாலும் சுற்றியிருக்கும் பொருள்களின் கதிரைத்தான் திருப்பி அனுப்பும். வெறும் அலுமினியம், மின்னும் சால்டர் இவற்றின் எமிசிவிட்டி 0.1 அல்லது அதற்கும் கீழே. ஐசியின் (சிப்பின்) கறுப்பு உடலும் போர்டின் பச்சைப் பூச்சும் 0.9 அளவில் இருக்கும். ஆக, எமிசிவிட்டியை மாற்ற முடியாத கருவி ஒரே போர்டில் ஐசிக்குச் சரியாகவும் ஹீட் சிங்க்குக்குத் தப்பாகவும் சொல்லும். எனக்குக் கொடுத்ததில் அந்த மெனுவே இல்லை. உள்ளே இருந்த சின்ன கையேட்டில் 0.95 நிலையானது, விகிதம் 12:1 என்று இருந்தது. பெட்டியில் 50:1 என்றிருந்தது மேலே ஒட்டிய ஸ்டிக்கர். உரித்தால் அடியில் 12:1!

12:1 என்றால் 30 செ.மீ. தூரத்தில் 2.5 செ.மீ. வட்டத்தின் சராசரிச் சூடு. 3 மி.மீ. டிரான்சிஸ்டரை அதில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சிவப்புப் புள்ளி வெறும் குறி காட்டும் லேசர், அளப்பது அதுவல்ல. கிட்டே போனால் அந்தப் புள்ளியும் அளக்கும் இடமும் விலகிவிடும்.

திரும்பக் கொண்டுபோனபோது, "எமிசிவிட்டியெல்லாம் உள்ளயே ஆட்டோமேட்டிக்கா எடுத்துக்குங்கண்ணா" என்றார். எதிரே இருப்பது என்ன பரப்பு என்று இந்த மாதிரிக் கருவிக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியைக் காட்டினார். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்கிறவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் வாங்கி, ஒரு பக்கம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அகலமாக ஒட்டுங்கள். கிட்டே பிடித்து, டேப்பிலும் வெறும் எவர்சில்வரிலும் அளவு பாருங்கள். வெறும் பக்கம் மிகக் குறைவாகக் காட்டும். எமிசிவிட்டியைக் குறைக்கக் குறைக்க அந்த அளவு ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த வசதி பெயருக்குத்தான். அப்புறம் டேப் பக்கத்தைப் பார்த்தபடி ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள். நிஜமான 50:1 கருவியின் வட்டம் அங்கே 2 செ.மீ.தான், அளவு அப்படியே நிற்கும். 12:1 என்றால் வட்டம் 8 செ.மீ. ஆகி, அளவு சட்டென்று இறங்கிவிடும்.

ஹீட் சிங்க்கைச் சரியாக அளக்கவும் இதே டேப்பை ஒட்டி அதன் மேல் அளந்தால் போதும். மின்சாரத்தை நிறுத்தி, கப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கும்வரை பொறுத்து ஒட்டுங்கள். ஏற்காடு குளிரிலிருந்து கருவியைக் கீழே கொண்டுவந்தால் அரை மணி நேரம் வைத்துவிட்டு அளங்கள்.

இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியில் வாங்கியவர்கள் உரித்துப் பாருங்கள். அடியில் வேறு எண் இருந்தால் பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.