குறைமாதக் குழந்தைகள் பிரிவு: கிருமித்தொற்றைத் தடுப்பதில் எப்படி?

எங்கள் மகள் முப்பதாவது வாரத்திலேயே 1,200 கிராம் எடையுடன் பிறந்ததால், எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருக்க நேர்ந்தது. இதுபோன்ற பிரிவைத் தேடும் பெற்றோருக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

தாயின் நோய் எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைகிறது. அதற்குள் பிறந்துவிடும் குழந்தைக்குத் தோலும் மெல்லியது. ட்ரிப்ஸ் ஊசியும் சுவாசக் குழாயும் கிருமி நுழையும் வழிகளாகின்றன. டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், பச்சிளங்குழந்தைகளைத் தாக்கிய கிருமிகளில் அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும் முன்னணியில் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாதவை. ஆகவே, எத்தனை வென்டிலேட்டர்கள் உள்ளன என்று கேட்பதற்கு முன் கை கழுவும் இடத்தைப் பாருங்கள் என்றே சொல்வேன்.

இந்தப் பிரிவு அதில் மிகச் சிறப்பு. முழங்கையால் திறக்கும் குழாய்கள், எப்போதும் நிரம்பியிருக்கும் சோப்புக் கரைசல், குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் ஒவ்வொரு வார்மர் படுக்கைக்கும் தனி ஸ்டெதாஸ்கோப், தனி தெர்மாமீட்டர். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழற்றாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. ரவுண்ட்ஸ் வந்த மூத்த மருத்துவர் ஒருவரையே செவிலியர் நிறுத்திக் கை கழுவச் சொன்னதையும், அவர் மறுபேச்சின்றித் திரும்பிச் சென்றதையும் பார்த்தபோது, குழந்தையை விட்டுவிட்டு வெளியே உட்கார எனக்குத் தைரியம் வந்தது.

ஒரு நாள் மாலை மகளுக்குப் பால் செரிக்கவில்லை, மூச்சு இடையிடையே நின்றது, உடல் குளிர்ந்தது. காய்ச்சல் இல்லையே என்று நான் நினைத்திருக்க, குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று பலநேரம் இப்படித்தான் தலைகாட்டும் என்று செவிலியர் உடனே மருத்துவரை அழைத்தார். இரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு) எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். கல்ச்சரில் கிருமி வளரவில்லை, குழந்தையும் தேறிவிட்டாள் என்றதும், "இருக்கட்டும்" என்று தொடராமல் மருந்தை நிறுத்தினார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியிருக்கும் சூழலில், தொடங்குவதைப் போலவே நிறுத்துவதற்கும் துணிவு வேண்டும். இந்த மருத்துவர்களை நான் மதிப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

எனக்குப் பால் சுரக்கத் தாமதமான நாட்களில் தாய்ப்பால் வங்கியிலிருந்து, 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் பதப்படுத்திய பாலைக் கொடுத்தார்கள். பால் புகட்டும் பாலாடையை ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்தார்கள். நிலைமை சற்றுச் சீரானதும் கங்காரு முறையில் மகளை என் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, பிறந்தவுடனே இதைத் தொடங்கினால் இறப்பு 25 சதவீதம் குறைவதாகக் காட்டியிருப்பதால், இன்னும் முன்னதாகவே தொடங்கியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

குறைகளும் உண்டு. இரவில் ஒரே செவிலியர் பல குழந்தைகளைக் கவனிக்கிறார். நெரிசலான நாட்களில் ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைக்கிறார்கள், தொற்று பரவ இதைவிட எளிய வழி இல்லை. தாய்மார்கள் தங்கும் கூடத்தின் குளியலறையில் இரவில் சோப்பும் இல்லை, பல நாட்கள் தண்ணீரும் இல்லை. குழந்தையை அதிகம் தொடுவது எங்கள் கைகள்தான் என்பதால், நிர்வாகம் முதலில் அந்தக் குளியலறையைச் சரிசெய்ய வேண்டும்.